நான் படித்த விண்

ஊருக்குப் போனால் இன்றைக்கும் சிலர் என்னை "ரொக்கெட் படிச்ச ஆள்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். விண்வெளிப் பொறியியல் படித்தது உண்மை. ஆனால் ரொக்கெட்டைக் கிட்ட நின்று பார்த்தது அருங்காட்சியகத்தில்தான். இறுதி வருடத்தில் நான் தனியாகச் செய்த ஆய்வு, பட்டத்தில் பூட்டுகிற விண்ணைப் பற்றியது. பட்டம் வாங்கப் பட்டத்தைப் படித்தவன் நான். மலர்க் குழுத் தம்பி கட்டுரை கேட்டபோது, இந்தக் கதையை ஒரு தரம் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று பட்டது.

இங்கே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் விண் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சீவிய தடியை வில்லாக வளைத்து, இரண்டு முனைக்கும் குறுக்கே தட்டையான நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவது. பட்டம் மேலே போனதும் நார் காற்றில் அதிர்ந்து உறுமும். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் பட்டம் ஏற்றினால் அது கடல் பக்கம்தான் போகும். நூல் அறுந்தால் கதை முடிந்தது, பட்டமும் இல்லை, விண்ணும் இல்லை. எனக்குப் பட்டத்தில் நூலைப் பிணைக்கிற முச்சை கட்டவும் விண் பூட்டவும் பழக்கியவர் என் சின்ன மாமா. அவர் பட்டத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதே இல்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

2006 ஒக்டோபரில் இறுதி வருடம் தொடங்கியது. அந்த வருடத்து 120 கிரெடிட்டில் 40 இந்தத் தனி ஆய்வுக்கு. விரிவுரை கிடையாது, பரீட்சையும் கிடையாது. கிழமைக்கு அரை மணி நேரம் மேற்பார்வையாளரைச் சந்திக்கலாம், அவ்வளவுதான். நான் போய் ஒரு சிறகு வடிவத்தைச் சொன்னேன். நாகா 0012, சமச்சீரான சிறகு, பாடப்புத்தகம் முழுக்க இருப்பது. அவர் கேட்டார்: "அதில் உனக்குத் தெரியாதது என்ன?" எனக்குப் பதில் வரவில்லை. "அப்படியென்றால் அது ஆய்வு இல்லை, வீட்டுவேலை" என்றார்.

நம்முடைய காலத்தில் உயர்தரம் படித்தவர்களுக்கு இது விளங்கும். பத்து வருட பாஸ் பேப்பரைக் கரைத்துக் குடித்தவர்கள் நாங்கள். கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததுமே அது எந்த வருடத்துக் கணக்கு என்று சொல்லக்கூடிய பெடியன்கள் என் வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நாட்களில் மின்சாரமே நிச்சயமில்லாமல் அவர்கள் படிப்பித்ததே பெரிய காரியம். ஆனால் உன் கேள்வி என்ன என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. மூன்று கிழமை வெறும் தாளோடு நூலகத்தில் குந்தியிருந்தேன்.

மாமா நாவலடியில் இருந்தவர். 2004 மார்கழி 26 வீட்டைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, வாசிக்கிற பலருக்கு என்னைவிடக் கூடத் தெரியும். இரண்டு வருடம் ஆகியும் அவர் தற்காலிகக் கொட்டிலில்தான் இருந்தார். ஒருநாள் ஐந்து பவுண் ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி அவருக்கு எடுத்தேன். பேச்சுக்குப் பின்னால் ம்ம்ம்ம் என்று ஒரு உறுமல் வந்துகொண்டே இருந்தது. லைன் பழுதாக்கும் என்று நினைத்தேன்.

"அது விண்ணு மருமகன். இஞ்ச பொடியனுகளுக்குக் கட்டிக் குடுத்தன். நிவாரணப் பெட்டியில வாற பிளாஸ்டிக் நாடா நல்லாக் கூவுது."

அந்தச் சத்தம் எப்படி வருகிறது? எனக்குத் தெரியாது. அடுத்த சந்திப்பில் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முதல் தடவையாகப் பேனையை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

மாமா அனுப்பிய நாடாவை, கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். எட்டு மில்லிமீற்றர் அகலம், மஞ்சள் நிறம். எத்தனை தரம் துடைத்தாலும் தூள் வாசம் போகவில்லை, ஆய்வுகூடத்தில் தும்மல்தான்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குக் குறுக்கே ஒரு பொருள் நின்றால் அதன் பின்னால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். ஆற்றில் நட்ட கம்புக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். ஒரு செக்கனுக்கு எத்தனை சுழி என்பதைக் கம்பியின் தடிப்போடும் காற்றின் வேகத்தோடும் தொடுத்து 1878இல் ஸ்ட்ரௌஹால் என்பவர் எழுதினார். காற்று இரண்டு மடங்கானால் சுழியும் இரண்டு மடங்கு. காற்று மாறினால் விண்ணின் குரலும் மாறும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விசயம்தானே, ஆகவே இதுதான் விடை என்று நம்பிவிட்டேன். செக்கனுக்குரிய சுழி எண்ணிக்கையை அகலத்தால் பெருக்கிக் காற்றின் வேகத்தால் வகுத்தால் ஒரு எண் வரும், தட்டையான நாடாவுக்கு அது ஏறக்குறைய 0.15. செக்கனுக்கு 10 மீற்றர் காற்றில் என் நாடா 188 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 188 அதிர்வில், பாட வேண்டும்.

நாடாவை ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டிக் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்தேன். பெரிய பெயர்தான். ஒரு நீண்ட பெட்டி, ஒரு முனையில் இராட்சத விசிறி. ஒலிவாங்கியை வைத்து அளந்தால் 192 ஹேர்ட்ஸ்! வேகத்தைக் கூட்டினால் அதே விகிதத்தில் சுருதியும் ஏறியது. வரைபில் எல்லாப் புள்ளிகளும் அடிமட்டம் வைத்ததுபோல் ஒரே கோட்டில் விழுந்தன. தைமாதம் கொடுத்த இடைக்கால அறிக்கையில் அந்த நேர்கோட்டைப் பக்கம் முழுக்கப் போட்டேன். அன்றிரவு அம்மாவிடம் சொல்லிப் புட்டும் மீன்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் ஞாபகம்.

சுரங்கத்தைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் ஒரு வயதானவர். அதிகம் பேசமாட்டார். என் வரைபைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ச் சட்டத்திலிருந்து நாடாவைக் கழற்றி என் கையில் தந்தார். பிறகு விசிறியைப் போட்டார்.

192 அங்கேயே இருந்தது.

விசிறிக்கு எட்டு இதழ். செக்கனுக்கு 24 சுற்று. எட்டை இருபத்துநான்கால் பெருக்கிப் பாருங்கள். நான் மூன்று மாதமாக அளந்தது விசிறியின் சத்தம். விசிறி வேகமாகச் சுற்றினால்தான் காற்று கூடும், ஆகவே அதன் சத்தமும் காற்றோடு சேர்ந்து நேர்கோட்டில் ஏறத்தானே செய்யும். கோடு அவ்வளவு நேராக வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கையில் மஞ்சள் நாடாவோடு நின்ற அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

மேற்பார்வையாளர் கோபிக்கவில்லை. "இனித்தான் உன் ஆய்வு தொடங்குகிறது" என்றார். மாசி முழுக்க ஒலிவாங்கியை விட்டுவிட்டு, பழைய ஸ்ட்ரோபோஸ்கோப் ஒன்றைத் தேடியெடுத்து வைத்தேன். விட்டுவிட்டு மின்னுகிற விளக்கு அது. மின்னும் வேகத்தைத் திருகித் திருகி நாடாவின் அதிர்வோடு பொருத்தினால் நாடா அந்தரத்தில் உறைந்து நிற்கும். கொஞ்சம் பொருத்தம் தவறவிட்டால் மெல்ல மெல்ல அசையும். அறையை இருட்டாக்கிவிட்டுக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன். மேலும் கீழும் போகும் என்று நினைத்த நாடா, போகும்போது முறுகியும் திரும்பியது. ஏறும்போது ஒரு பக்கம் சரிவு, இறங்கும்போது மறுபக்கம், மீன் வாலைப்போல. சுழி அதை ஆட்டவில்லை. தான் முறுகி முறுகிக் காற்றிடமிருந்து சக்தியை வாங்கித் தானே ஆடுகிறது. பொறியியலில் இதற்கு ஃபிளட்டர் என்று பெயர். விமானச் சிறகுக்கு வந்தால் சிறகு முறிந்துவிடும். அமெரிக்காவில் டகோமா பாலம், திறந்து நாலு மாதத்தில், 1940 நவம்பர் 7ஆம் திகதி முறுகி முறுகி விழுந்தது இந்த வகையில்தான். 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்தின் பக்கங்கள் சட்டம் சட்டமாக, காற்றுப் புகுந்து போக இடம் விட்டிருக்கும். டகோமாவின் பக்கங்கள் அடைத்த தகடு.

உண்மையான சுருதி 75 ஹேர்ட்ஸ் அளவில் இருந்தது. காற்றைக் கூட்டினால் சத்தம் பெருத்ததே தவிர சுருதி அசையவில்லை. நாடாவை இறுக்கினால் மட்டும் ஏறியது. நாலு மடங்கு இறுக்கினால் இரண்டு மடங்கு சுருதி, வீணைத் தந்திக்குச் சொல்லும் அதே கணக்கு. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் வைத்துப் பழந்தமிழர் யாழுக்கே கணக்குப் போட்ட விபுலாநந்த அடிகள் கல்லடியில்தான் துயில்கிறார். அவருடைய சமாதியைத் தாண்டித்தான் நாங்கள் பட்டம் கொண்டு ஓடினோம். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே நாடா ஊமை. இறுக்கினால் அந்த வேகமும் ஏறும். இறுக்கிக் கட்டிய விண் இளங்காற்றுக்கு வாய் திறக்காது என்பது கடற்கரையில் எந்தப் பொடியனுக்கும் தெரியும். எனக்கும்தான் தெரிந்திருந்தது, அதை ஒரு தரவாக நான் எண்ணவில்லை.

மிச்சம் எழுத்து வேலை. பத்தாயிரம் சொல், பைண்டிங் கடையில் வரிசை, கடைசி இரவில் பிரிண்டரில் மை தீர்ந்தது. எல்லோருக்கும் உள்ள கதைதான்.

நேர்முகத்தில் இரண்டாவது பரீட்சகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காற்று மாறினால் சத்தம் மாறும் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாய். மாறாது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறாய். எது சரி?" இரண்டும் சரி என்று உள்ளுக்குள் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். 68 புள்ளி கிடைத்தது. முதல் வகுப்புக்கு இன்னும் இரண்டு.

பின்னேரம் மாமாவுக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீ வில்லு எதுல கட்டின?"

"இரும்புச் சட்டத்தில மாமா."

"அது எப்படி மருமகன் பாடும்? மெல்லிசாச் சீவின வில்லெண்டாத்தான் காத்துக்கு வளையும். வில்லு வளைஞ்சா நார்ட இறுக்கம் மாறும், மறுகா குரலும் மாறும். தடிச்ச வில்லு ஒரே குரல்லதான் கத்திக்கிட்டுக் கிடக்கும். முதல்லயே கேட்டிருந்தா வில்லையும் சேத்து அனுப்பியிருப்பனே."

கார்ட்டில் காசு முடிந்து லைன் அறுந்தது. அறிக்கையைக் கொடுத்து அன்றைக்கு மூன்று கிழமை ஆகியிருந்தது.