ஒன்பது களேபரங்கள்

2015-ஆம் ஆண்டு ஜூலையில் அலுவலக வேலையாகப் புவனேசுவரத்தில் இறங்கிய எனக்கு, ரயில் நிலையத்திலிருந்து விடுதி வரை திரும்பிய பக்கமெல்லாம் 'நபகளேபரா 2015' என்று ஆங்கில எழுத்துகளில் பதாகைகள் தென்பட்டன. ஒடியாவில் வகரம் பகரமாக ஒலிக்கும் என்று அறிந்திருந்ததால் 'நப'வை 'நவ' என்று திருத்திக்கொண்டு, நவராத்திரியும் நவக்கிரகமும் கற்பித்த கணக்கின்படி ஒன்பது என்று பொருளும் வைத்துவிட்டேன். களேபரத்துக்குப் பொருள் கேட்கும் நிலையில் எந்தத் தமிழனும் இல்லை. ஒரே ஊரில் ஒன்பது களேபரம், அதற்கு அரசாங்கமே விளம்பரம்!

விடுதி வரவேற்பாளரிடம், இது எப்போது தொடங்கும் என்று கவலையுடன் விசாரித்தேன். அவர் முகம் மலர, "19 ஆண்டுகள் கழித்து வருகிறது, லட்சக்கணக்கானோர் கூடுவார்கள், நீங்களும் அவசியம் கலந்துகொள்ளுங்கள்" என்றார். அன்றிரவு தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "நீ ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டாம், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படு" என்று கட்டளையிட்டார்.

மறுநாள் அலுவலக நண்பர் சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார். 'நவ' என்றால் இங்கே புதிய. 'களேபரம்' என்றால் வடமொழியில் உடல். பூரி கோயிலில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை, சுதர்சனர் ஆகியோரின் திருமேனிகள் வேப்பமரத்தால் ஆனவை என்பதால், சந்திர நாட்காட்டியில் ஒரே ஆண்டில் இரண்டு ஆஷாட (நம் ஆனி-ஆடியை ஒட்டிய) மாதங்கள் வரும்போது புதியவை செதுக்கப்பட்டு, பழையவை கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்னும் இடத்தில் மண்ணுக்குள் வைக்கப்படுகின்றன. முந்தைய முறை இது நடந்தது 1996-இல்.

நம் பழைய அகராதிகளும் களேபரத்துக்கு உடம்பு, பிணம் என்றே பொருள் சொல்கின்றன. பிணம் விழுந்த வீட்டின் கூச்சலும் ஓட்டமும்தான் அதைக் குழப்பமாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம் (மொழியியலாளர்கள் மன்னிக்க). எப்படியோ, இன்று பந்தியில் இலை பற்றாமல் போனாலும் களேபரம், சட்டமன்றத்தில் நாற்காலி பறந்தாலும் களேபரம், குழந்தை அலமாரியைக் கவிழ்த்தாலும் "வீட்டையே களேபரம் பண்ணி வைத்திருக்கிறான்" என்கிறோம். உடல் மட்டும் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டது.

ஊர் திரும்பியதும் இவ்வளவையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்படியென்றால் இரண்டு நாளாக எனக்குக் களேபரமெல்லாம் வலிக்கிறது, கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வாடா."