இழுத்தால் 0:00-க்கே ஓடும் ஆடியோ பிளேயர், ஒருவழியாக அடங்கியது

பாட்காஸ்ட் பக்கத்தின் முதல் வடிவம் தயார். பிளே அழுத்தினால் பாடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது, 12:40-க்கு இழுத்தால் 12:40-இலேயே போய் உட்காருகிறது. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. எச்டிஎம்எல்லில் ஆடியோ டேக் போடுவதும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டுவதும் இங்கே எல்லோருக்கும் கைவந்த வேலை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயின் அறிகுறி இப்படி இருக்கும். குரோமில் ஒலி சரியாக வரும், ஆனால் சீக் பாரை (நேரத்தை நகர்த்தும் பட்டை) எங்கே இழுத்தாலும் 0:00-க்குத் திரும்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் ஏற்கெனவே இறங்கிய பகுதிக்குள் மட்டும் நகரும், கோப்பு முழுக்க இறங்கிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஒழுங்காக வேலை செய்யும். சஃபாரியில் பெரும்பாலும் பிளேயே ஆகாது. பிரவுசருக்கு ஒரு நடத்தை என்பதால் முதல் சந்தேகம் ஜாவாஸ்கிரிப்ட் மேல்தான் விழும். ஒலி ஓடும் இடத்தை வினாடியில் சொல்லும் கரன்ட்டைம் மதிப்பை 760 (அதாவது 12:40) என்று வைத்துவிட்டுக் கன்சோலில் பார்த்தால் 0 என்று காட்டும். அந்த இடத்தில் கோடைத் திருத்த உட்கார்ந்தால் நேரம்தான் வீண். கோடில் குற்றமே இல்லை, சர்வரில் இருக்கிறது.

பிரவுசர் ஆடியோவைக் கேட்கும்போது ரேஞ்ச் என்ற ஹெடரையும் (கோரிக்கையோடு போகும் குறிப்பு) சேர்த்து அனுப்புகிறது: "இந்த பைட்டிலிருந்து கொடு". ஒழுங்கான சர்வர் 206 என்ற நிலைக் குறியீட்டோடு, கேட்ட துண்டை மட்டும் தரும். ரேஞ்சே தெரியாத சர்வர் 200 சொல்லி முழுக் கோப்பையும் முதல் பைட்டிலிருந்து கொட்டும். நடுவிலிருந்து வாங்க முடியாது என்று தெரிந்ததும் குரோம் அந்த ஆடியோவை நகர்த்த முடியாத ஒன்றாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. சஃபாரி இன்னும் கறார். முதலில் இரண்டே இரண்டு பைட் கேட்டுப் பார்க்கும், சரியான பதில் வராவிட்டால் கதவைச் சாத்திவிடும்.

பைத்தானோடு வரும் எச்டிடிபி டாட் சர்வர், அதாவது ஒரே வரியில் லோக்கல்ஹோஸ்ட் (சொந்தக் கணினியிலேயே ஓடும் சர்வர்) எழுப்பப் பாடங்களில் முதலில் காட்டுவார்களே, அதற்கு ரேஞ்ச் தெரியாது. எச்டிஎம்எல், படம், சிஎஸ்எஸ் எல்லாவற்றுக்கும் அது போதும் என்பதால்தான் ஆடியோவுக்கும் போதும் என்று தோன்றுகிறது. பாட்காஸ்ட் பக்கம் கட்டுகிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்துபவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சோதிக்க இரண்டு வழி. டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றி, எம்பி3 வரியின் நிலைக் குறியீடு 206-ஆ 200-ஆ என்று பாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது: டெர்மினலில் முகவரியிலிருந்து கோப்பை வாங்கும் கர்ல் கட்டளையோடு ரேஞ்ச் என்ற தெரிவைச் சேர்த்து 0-99 என்று கேட்டு, வருவதை ஒரு கோப்பில் சேமிப்பது. சேமித்த கோப்பு சரியாக 100 பைட் இருந்தால் சர்வர் நல்லவர். 14 எம்பி இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

மாற்று என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்தான். நிலையான கோப்புகளுக்கு எந்த அமைப்பும் இல்லாமலே 206 தரும். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. வேகம் கூடும் என்று ஜிஜிப் என்ற சுருக்கும் வசதியை எல்லா வகைக் கோப்புக்கும் திறந்துவிட்டால், அனுப்பும்போதே சுருக்கப்படும் பதிலுக்கு அது ரேஞ்ச் வசதியை எடுத்துவிடுகிறது. பழைய நோய் அப்படியே திரும்பி வரும். எம்பி3 ஏற்கெனவே சுருக்கிய கோப்பு, ஜிஜிப்பால் லாபம் ஏதும் இல்லை. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எக்ஸ்எம்எல் மட்டும் பட்டியலில் இருந்தால் போதும்.

206 வந்த பிறகும் அத்தியாய இணைப்புகள் சில வினாடி தள்ளி விழுந்தால் அது விபிஆர், அதாவது மாறும் பிட்ரேட்டின் வேலை. வினாடிக்கு எத்தனை பிட் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வினாடி எந்த பைட்டில் இருக்கிறது என்பதைக் கோப்பின் தலையில் உள்ள 100 கட்ட அட்டவணையை வைத்துத்தான் பிளேயர் ஊகிக்கிறது. 50 நிமிட நிகழ்ச்சியில் ஒரு கட்டம் 30 வினாடி! இடைப்பட்டதெல்லாம் உத்தேசக் கணக்கு. பேச்சு நிகழ்ச்சிக்கு சிபிஆர் (மாறாத பிட்ரேட்), மோனோ (ஒற்றைச் சேனல்), 64 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். வினாடிக்கு 8,000 பைட் என்பதால் 12:40 என்பது 760 வினாடி, 60,80,000-ஆவது பைட்டைச் சுற்றி. வெறும் பெருக்கல். 30 நிமிடம் 14.4 எம்பிக்குள் அடங்கும். ஆடாசிட்டியின் எக்ஸ்போர்ட் பெட்டியில் பிட்ரேட் முறையை கான்ஸ்டன்ட் என்று மாற்றி, சேனலை மோனோ என்று வையுங்கள். கோப்புக்குள் அட்டைப்படம் பொதிக்கிறவர்கள் சிறிய படமாக வைத்தால் நல்லது. அந்தப் படம் கோப்பின் முன்னால் உட்காருவதால், அதைத் தாண்டித்தான் ஒலி ஆரம்பிக்கும்.

இன்னொன்று, பக்கத்தில் பத்து நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கினால் ப்ரீலோடை (முன்கூட்டியே இறக்கும் அமைப்பு) நன் (none) என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் திறந்தவுடன் பத்துக் கோப்பையும் பிரவுசர் தொட்டுப் பார்க்கும். அப்படி வைத்தால் மொத்த நீளம் பிளேயரில் தெரியாது, ஆகவே பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள். அத்தியாயப் பொத்தானை அழுத்தும்போது கோப்பின் நீள விவரம் வந்துவிட்டது என்று சொல்லும் லோடட்மெட்டாடேட்டா நிகழ்வு வந்த பிறகு நகர்த்துவதுதான் பத்திரம்.

ஒலியளவில் பெரிய சிக்கல் இல்லை, ஒரே ஒரு பொடி எழுத்துப் பெட்டியைத் தவிர. ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது -16 லஃப்ஸ் (சராசரி ஒலியளவின் அலகு), ஒரு டெசிபல் முன்பின், ட்ரூ பீக் எனும் உச்சம் -1 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருது என்ற பெட்டியில் குறியிட்டிருந்தால் -16 என்று போடுங்கள். குறி இல்லையென்றால் -19. இரண்டையும் குழப்பினால் அடுத்தவர் நிகழ்ச்சியைவிட 3 டெசிபல் கூடியோ குறைந்தோ ஒலிக்கும். அந்த எஃபெக்ட் உச்சத்தை வெட்டாது, அதனால் பின்னாலேயே உச்சத்தை அடக்கும் லிமிட்டர் வேண்டும். எம்பி3 ஆக்கும்போது உச்சம் கொஞ்சம் ஏறும் என்பதால் லிமிட்டரை -2-இல் நிறுத்துவது என் வழக்கம்.

தமிழ் எழுத்துக்கு சிஎஸ்எஸ்ஸில் நான்கு வரி கட்டாயம். லைன்-ஹைட் 1.7, தலைப்புக்கும் 1.3-க்குக் குறையாமல், 1 என்று வைத்தால் "கீ"யின் மேல் சுழியும் "மூ"வின் கீழ்ச் சுழியும் பக்கத்து வரியில் மோதும். லெட்டர்-ஸ்பேசிங் பூஜ்யம். ஃபான்ட்-சிந்தசிஸ் நன், இல்லையென்றால் பிரவுசரே எழுத்தைச் சாய்த்துப் போலி இட்டாலிக் போடும், பார்க்கச் சகிக்காது. ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர், நம் நீளச் சொற்கள் மொபைல் திரையை விட்டு வெளியே நீளாமல் இருக்க. நோட்டோ சான்ஸ் தமிழும் முக்த மலரும் இலவசம், இரண்டும் சிறிய அளவிலும் தெளிவாக இருக்கின்றன.

மைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்றுச் சுவர் அறையில் கன்டென்சர் வகை மைக் வேண்டாம், எதிரொலி முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். முன்பக்க ஒலியையே பெரிதும் எடுக்கும் டைனமிக் கார்டியாய்டு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் "ப" ஒலியின் காற்று நேரே அடிக்காது. ஸ்டாண்டு தனியாக வாங்கினால் திருகு அளவைப் பாருங்கள்: 5/8 அங்குலம், 3/8 அங்குலம் என்று இரண்டு உண்டு. இடையில் போடும் சின்ன வளையம் பெட்டியில் இருக்கிறதா என்று விற்பவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

புது நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்ட் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஊட்டம் இன்னும் முடியவில்லை. ஆடியோ கோப்பைச் சுட்டும் என்க்ளோஷரில் முகவரி, பைட் கணக்கில் நீளம், ஆடியோ/எம்பெக் என்ற வகை மூன்றும் எழுதியாகிவிட்டது. நீளத்தில் நிமிடத்தைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது கோப்பின் பைட் எண்ணிக்கை. கோப்புப் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும், தமிழில் வைத்தால் முகவரியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். பதிவுத் தேதியின் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியின் தனி அடையாளமான ஜியுஐடியை ஒருமுறை வைத்தால் மாற்றக் கூடாது, மாற்றினால் பழைய நிகழ்ச்சியே புதியதாக மறுபடி இறங்கும்.

மிச்சம் இருப்பது அட்டைப்படம். 1400-க்கு 1400 பிக்சலிலிருந்து 3000-க்கு 3000 வரை, சதுரம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி. மொபைலில் அது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும்போது தமிழ்த் தலைப்பு இரண்டு சொல்லுக்கு மேல் தாங்கவில்லை, வடிவமைப்பு அங்கேதான் நிற்கிறது. அதற்குள் பேச்சை நேரக் குறிப்போடு எழுதும் விடிடி எழுத்துப் படியை ஆரம்பித்துவிட்டேன், முதல் ஆறு நிமிடம் முடிந்திருக்கிறது.