வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று: அந்தமானில் படித்த ஸ்பெல்லிங்

ஆங்கில அகராதியை வரிசையாக மனப்பாடம் செய்கிற வேலையை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, எந்த ஊருக்குப் போகிறேனோ அந்த ஊரின் சொற்களை மட்டும், அதையும் போர்டிலும் டிக்கெட்டிலும் படகின் பக்கவாட்டிலும் எழுதியிருப்பதைப் பார்த்து நோட்டில் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். இப்போதைக்கு அந்தமான் பக்கங்கள்தான் நோட்டில் நிறைய இருக்கின்றன. தீவுச் சொற்களில் பல கப்பலேறி வந்தவை, எந்த ஊர்க்காரன் வாயிலிருந்து வந்ததோ அந்த ஊர் வாசனை இன்னும் ஸ்பெல்லிங்கில் இருக்கிறது, அதனால் வேறெங்கும் கிடைக்காத விசித்திரமெல்லாம் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர், ஆங்கிலத்தில் பேசித் தீரவேண்டிய பதற்றம் பெரிதாக இல்லை, எழுத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

முறை ரொம்ப எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு உச்சரிப்பு, வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று. வாய்க்கு 'ஐலண்ட்', கைக்கு 'இஸ்-லாண்ட்'. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை, புதன்கிழமையை 'வெட்-னெஸ்-டே' என்று மனசுக்குள் சொல்லித்தானே நாமெல்லாம் எழுதினோம். வாத்தியார் சிரிப்பார் என்று அதை வெளியே சொல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான். நான் அதையே முறையாக்கிக்கொண்டேன்.

இதில் ஐலண்டின் எஸ் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த எஸ் கிடையாது. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்று தீவுக்கு இன்னொரு சொல் உண்டு, அதில் எஸ் இருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஐலண்டுக்கும் ஒரு எஸ்ஸைச் சொருகிவிட்டார்கள். விமானத்தில் இரண்டு வரிசை சீட்டுக்கு நடுவே நடக்கிறோமே, ஏ-வில் தொடங்கும் அந்த 'ஐல்', அதற்கும் எஸ் இப்படி ஒட்டிக்கொண்டதுதான். படித்தவர்கள் செய்த குழப்பம், கஷ்டம் நமக்கு!

போர்ட் பிளேயருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஹேவ்லாக் 2018இலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது, ஆனாலும் பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன. தீவுகளுக்கு இடையே போகும் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்ற படகுத்துறையிலிருந்து கிளம்பும். கைக்கு 'ஃபோ-எனிக்ஸ்', பி-எச் போட்டு. சென்னைக் கப்பல் வந்து நிற்பது ஹாடோ வார்ஃப், வார்ஃப் என்றால் கப்பல்துறை, அதில் டபிள்யூவுக்குப் பிறகு ஒரு எச் சும்மா உட்கார்ந்திருக்கும். கரையோரம் சில இடங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதை ஒருமுறை படித்தால் 'குரோகடைல்' ஸ்பெல்லிங் ஜென்மத்துக்கும் மறக்காது, இம்போசிஷன் எழுதவே வேண்டாம்.

அடுத்தது ஜாலி பாய் தீவு. வண்டூரிலிருந்து படகில் போகவேண்டும், மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். பெயரைக் கேட்டால் குஷியான பையன் என்று தோன்றும், ஆனால் எழுதியிருப்பது பி, யூ, ஓ, ஒய், அதாவது தண்ணீரில் அடையாளத்துக்கு மிதக்கவிடும் மிதவை. பிரிட்டிஷ்காரர்கள் 'பாய்' என்கிறார்கள், அமெரிக்கர்கள் 'பூயி' என்கிறார்கள். அமெரிக்க உச்சரிப்பே கைக்குச் சரியாக வருகிறது, நடுவில் ஒரு ஓ சேர்த்துக்கொண்டால் போதும்.

ஹேவ்லாக் போகும் வேகப் படகு ஒன்று இரட்டை உடல் கொண்டது, அந்த வகைக்குப் பெயர் 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம்தான் கடல்கடந்து போய் ஏசி போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்தவனுக்குத்தான் இதில் ஆபத்து, 'ட்டு' காதில் அழுத்தமாக ஒலிப்பதால் கை தானாகவே இரண்டு டி போடப் பார்க்கும். ஒரே டி, ஒரே ஆர். 'கா-டா-மா-ரான்' என்று கைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு நோட்டைப் பொருள்வாரியாக இல்லாமல், வந்த வழிவாரியாகப் பிரித்து எழுதினேன். உண்மையில் ஸ்பெல்லிங் கையில் நிற்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கரீபியன் தீவு மக்களின் பேச்சிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தவை ஹரிகேன் (புயல்), ஹாமக் (தூளிப் படுக்கை), கனூ (துடுப்புப் படகு). டச்சு மாலுமிகளிடமிருந்து வந்தவை யாட் (உல்லாசப் படகு), டெக் (கப்பலின் மேல்தளம்), ஸ்கிப்பர் (கப்பல் தலைவர்). யாட்டுக்குக் கையில் 'யாச்ட்'. கிரேக்கச் சரக்கு என்றால் ஒய்யும் சி-எச்சும் தலைகாட்டும்: சைக்ளோன், தீவுக்கூட்டத்தைச் சொல்லும் ஆர்க்கிபெலகோ. சைக்ளோன் என்ற சொல்லை 1840களில் உருவாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், புயல் சுழல்வதைப் பார்த்து வட்டத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். சைக்கிள் எழுதத் தெரிந்தவனுக்கு சைக்ளோனில் முக்கால்வாசி வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த சுனாமியை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, 2004க்குப் பிறகு முன்னால் நிற்கும் டி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சை வைப்பது அக்கா மகள். போனில் டிக்டேஷன் நடக்கும்.

"மாமா, பாய் எழுதுங்க. பையன் இல்ல, தண்ணில மிதக்குறது."

எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள், கருணையே கிடையாது. இப்போது வட்டங்கள் குறைந்துவிட்டன. ஹாமக்குக்கு எத்தனை எம், பாராகுடா மீனுக்கு எத்தனை ஆர் மாதிரி இரட்டை எழுத்து விவகாரத்தில்தான் இன்னும் மாட்டுகிறேன், அங்கே கை உச்சரிப்பு அவ்வளவாக உதவாது. பேச்சு? அதில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை, இந்த முறை எழுத்துக்கானது, பேச்சுக்கு இதை நம்பாதீர்கள்.

அடுத்து லட்சத்தீவில் மினிக்காய் போகலாம் என்று இருக்கிறேன். பவழத்திட்டு வளையத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'அட்டால்' மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து வந்தது, மினிக்காயில் பேசுவதும் அதன் ஒரு வகைதான். போக பெர்மிட் வேண்டும், விண்ணப்பம் ஆங்கிலத்தில். அதை மட்டும் அக்கா மகளிடம் காட்டாமல் நிரப்பப் போகிறேன்.