‘நாங்கள் செய்தோம்’ என்றால் மதிப்பெண் இல்லை

“பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் நீங்கள் செய்தது எது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.”

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவமனைகளில் பேண்ட் 5 என்ற தொடக்க நர்ஸ் நிலையிலிருந்து, பேண்ட் 6 என்ற மூத்த நர்ஸ் நிலைக்கு இன்டர்வியூ கொடுத்துத் தவறவிடும் நம் ஊர் நர்சுகள் பலருக்கும், தொலைபேசியில் வரும் பதில் ஏறக்குறைய இதுதான். கேட்டதும் சுருக்கென்று தைக்கும். எதைச் சொல்லக் கூடாது என்று நம்மை வளர்த்தார்களோ, அதைச் சொல்லாமல் விட்டதற்காகவே மதிப்பெண் போயிருக்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து வந்தவர்களுக்கு வார்டு ஜெபம் தெரியும். டூட்டி தொடங்கும் முன் ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு சிறு ஜெபம். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தால் முதல் வாக்கியமே “என்னால் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தருடைய கிருபை” என்பதுதான். அப்படிப் பழகிய நாக்கு இங்கே பேனல் முன்னால் உட்கார்ந்ததும் ‘ஐ’ என்று சொல்லக் கூசி, ‘வீ’ என்றே பேசிக்கொண்டு போகிறது.

பேனலில் இருப்பவர்கள் கையில் தாள் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் தனி மதிப்பெண். காதில் விழுந்ததை மட்டுமே எழுதுவார்கள். உங்கள் சொந்த வார்டு மேனேஜரே எதிரில் இருந்தாலும், நீங்கள் வாய் திறந்து சொல்லாததற்கு அவர் மதிப்பெண் போட முடியாது.

“நோயாளி திடீரென்று மோசமானார், நாங்கள் உடனே டாக்டரைக் கூப்பிட்டோம், தேவ கிருபையால் பிழைத்தார்” என்று முடிப்பது சாட்சிக்குப் போதும். இன்டர்வியூவில் அதையே இப்படிச் சொல்ல வேண்டும்: “இரவு 2 மணிக்கு நியூஸ் 2 (நோயாளி எவ்வளவு மோசமாகிறார் என்று காட்டும் அளவீடு) மதிப்பெண் 3-லிருந்து 7-க்கு ஏறியதை நான் கவனித்தேன். அவசரக் குழுவை அழைத்தேன். எஸ்பார் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை) முறையில் நிலைமையைச் சொன்னேன். என் மற்ற நோயாளிகளை இன்ன சகநர்சிடம் ஒப்படைத்தேன். குடும்பத்தாருக்குத் தகவல் சொன்னேன். மறுநாள் அதைக் குழுவோடு பேசி, அளவுகளை எடுக்கும் இடைவெளியைக் குறைத்தேன்.” சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். பதிலில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததாகவே இருக்கட்டும். விளைவையும் கற்றுக்கொண்டதையும் கடைசியில் வையுங்கள். பேண்ட் 6-க்கு இன்னொன்றும் வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுத்தது, ஆள் குறைந்த ஷிப்டை நடத்தியது, ஒரு புகாரைக் கையாண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தயாராக இருக்க வேண்டும்.

இது பெருமை பேசுவது ஆகாதா என்று நல்ல விசுவாசிகள் உண்மையாகவே கலங்குகிறார்கள். ஆதியாகமம் 41-ஐ மறுபடி வாசியுங்கள். பார்வோன் முன் நின்ற யோசேப்பு “நான் அல்ல, தேவனே” என்று ஒரு வரி சொல்கிறான். கனவின் பொருளைச் சொன்ன பிறகு வருவது முழுக்கத் திட்டம்: விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, ஏழு வருஷம், பட்டணங்களில் களஞ்சியம், மேலே ஒரு அதிகாரி. சிறையிலிருந்து வந்தவன், அந்நிய தேசத்தில், கணக்கோடு பேசினான். நீங்கள் செய்ததைச் செய்தபடி சொல்வது உண்மை பேசுவதுதான்.

நெகேமியாவும் நம்மைப் போல அந்நிய தேசத்தில் வேலை பார்த்தவன், சூசான் அரண்மனையில். கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் மாதம்வரை, சுமார் நான்கு மாதம் ஜெபித்தான். “நீ கேட்கிற காரியம் என்ன” என்று ராஜா கேட்டபோது மனதுக்குள் ஒரு நொடி ஜெபம். உடனே எத்தனை நாள் வேண்டும், எந்தத் தேசாதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கு யாரிடம் உத்தரவு வேண்டும் என்பதெல்லாம் வாயில் தயாராக வந்தது. முழங்காலில் இருந்த அந்த நான்கு மாதத்தில் பட்டியலும் போட்டிருக்கிறான்.

நம் பட்டியல் விண்ணப்பப் படிவத்தில் தொடங்குகிறது. வேலைக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் ‘பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்’ என்ற தாளில் ‘எசென்ஷியல்’ (கட்டாயம்) என்று இருக்கும் ஒவ்வொன்றையும் தலைப்பாக வைத்து, அதன் கீழ் சான்று எழுதுங்கள். விண்ணப்பங்களை முதலில் வடிகட்டும்போது உங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. எழுதியது மட்டுமே பேசும். வேத வசனத்தோடு தொடங்கும் படிவங்கள் உண்டு. அந்த இடத்தைச் சான்றுக்குக் கொடுங்கள். ஞாயிறு பள்ளி நடத்துகிறீர்களா? அதைத் தன்னார்வப் பணியாக, எத்தனை ஆசிரியர்கள், என்ன பொறுப்பு என்று தாராளமாக எழுதலாம். போதுமான விண்ணப்பம் சேர்ந்துவிட்டால் கடைசித் தேதிக்கு முன்பே மூடிவிடுவதும் நடக்கும், உபவாசம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வார்டில் சிலுவைக்குறியோ ஜெபமோ இல்லாமல் நேராக ஹேண்டோவர் (ஷிப்ட் ஒப்படைப்பு) தொடங்குவது இரண்டு வருடத்தில் பழகிவிடும். ஆனால் டிசம்பர் 31 இரவு, வாடகைக்கு எடுத்த ஆங்கிலேயர் ஆலயத்தில் வாக்குத்தத்த அட்டை கைக்கு வரும்போது, பழகியதெல்லாம் கரைந்துபோகும். “வாலாக்காமல் தலையாக்குவார்” என்று அச்சிட்ட அந்தச் சிறு அட்டை. ஊரில் அதே நேரத்தில் மணியடித்து, ஆராதனை முடிந்து, புதுவருஷம் பிறந்தேவிட்டிருக்கும். அட்டையை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். தனியாக ஜெபிக்க இடம் வேண்டுமென்றால் மருத்துவமனையின் சேப்பலைத் தேடுங்கள். அங்கே ஆன்மிக ஆறுதல் தரும் சாப்ளின் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, ஊழியர்களுக்கும்தான்.

பதவி கிடைக்கவில்லை என்றால் “கர்த்தருக்குச் சித்தமில்லை” என்று அன்றே மூடிவிடுகிறோம். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். எந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண், எது குறைந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். சித்தத்தைப் பற்றிப் பிறகு ஜெபிக்கலாம். பல நேரம் குறைந்தது ஒரே ஒரு கேள்வியில்தான்.

உபவாசத்தை இன்டர்வியூ நாளில் வைக்காதீர்கள், இரவு ஷிப்ட் முடிந்த கையோடும் வேண்டாம். முந்தின நாள் இருந்து, மாலை 6 மணிக்கு முடித்து, சாப்பிட்டுத் தூங்குங்கள். வெறும் வயிற்றில் கை நடுங்கினால் மூன்றாவது கேள்வியிலேயே கோர்வை அறுந்துவிடும்.

ஊரில் அம்மா உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை, இன்டர்வியூ முடியும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பார். அதனால் நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். இங்கே காலை 10 மணி என்றால் கோடையில் அங்கே பிற்பகல் 2.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு 3.30. வெளியே வந்ததும் மேனேஜருக்கு நன்றி சொல்லும் முன்பே ஊருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “முடிஞ்சிட்டும்மா, சாப்பிடுங்க.”