கிஃப்டெட் தகுதி மாநிலம் தாண்டாது: டெக்சாஸிலிருந்து ஜார்ஜியாவுக்கு

டெக்சாஸிலிருந்து ஜார்ஜியாவுக்கு மாறியபோது பிள்ளைக்குப் பள்ளி அட்மிஷன் ஒரே நாளில் முடிந்தது. 3231 (தடுப்பூசி), 3300 (கண், காது, பல் பரிசோதனை) படிவங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். கிஃப்டெட் வகுப்புதான், அதாவது கூடுதல் திறமையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பு, பிப்ரவரி வரை இழுத்தது.

முதல் தவறு, பதிவு மேசையில் சொன்னதை நம்பியது. "பழைய பள்ளியின் ஃபைல் வந்ததும் தானாகச் சேர்த்துவிடுவார்கள்" என்றார்கள். அப்படி எதுவும் நடக்காது. ஜார்ஜியாவில் ஒரு டிஸ்ட்ரிக்ட்டில் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) தகுதி பெற்ற பிள்ளையை மாநிலத்தின் மற்ற டிஸ்ட்ரிக்ட்களும் ஏற்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு அந்த விதி கிடையாது. டெக்சாஸில் எத்தனை வருடம் கிஃப்டெட்டாக இருந்திருந்தாலும் ஜார்ஜியாவின் அளவுகோலைப் புதிதாகத் தொட்டாக வேண்டும். பதிவு மேசையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஐந்து வாரம் போயிற்று.

ஃபைல் வந்தபோது அதில் கிஃப்டெட் தாள் ஒன்றுகூட இல்லை. மதிப்பெண், வருகை, தடுப்பூசி எல்லாம் பள்ளி ஃபைலில் இருந்தன. தேர்வுத் தாள்கள் டிஸ்ட்ரிக்ட்டின் கிஃப்டெட் அலுவலகத்தில் தனியாகக் கிடந்தன. கிளம்புவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு நேரடியாக ஈமெயில் எழுதி வாங்கிவிடுங்கள். ஃபெர்ப்பா (மாணவர் பதிவுகள் பற்றிய அமெரிக்க மத்திய சட்டம்) சட்டப்படி பிள்ளையின் பதிவுகளைக் காட்ட அவர்களுக்கு 45 நாள்வரை அவகாசம் உண்டு. சட்டம் தருவது பார்க்கும் உரிமை. நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தால் நகல் தர வேண்டும். கிளம்பிய பிறகு கேட்பதானால், வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டதை ஈமெயிலில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அடுத்து வந்தது "தகுதி பெற்றுள்ளார்" என்ற ஒரு பக்கக் கடிதம். அதனால் பயனில்லை. தேர்வின் பெயர், எழுதிய தேதி, ஒவ்வொரு பகுதிக்கும் வயதுவாரி தேசிய பெர்சன்டைல் (நாட்டில் அதே வயதுள்ள நூறு பிள்ளைகளில் எத்தனை பேரைவிட மேல் என்ற எண்), இவை உள்ள முழு ஸ்கோர் ரிப்போர்ட்தான் வேண்டும். எங்களுக்கு வந்த கோகேட் (CogAT, மன ஆற்றல் தேர்வு) ரிப்போர்ட்டில் உள்ளூர் பெர்சன்டைல் மட்டுமே இருந்தது. அது அந்த டிஸ்ட்ரிக்ட் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்ட எண், ஜார்ஜியாவில் செல்லாது. மறுபடி எழுதிக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இங்கே மன ஆற்றல் தேர்வில் கே (கிண்டர்கார்டன்) முதல் 2ஆம் வகுப்பு வரை 99, 3ஆம் வகுப்பிலிருந்து 96 பெர்சன்டைல் வேண்டும். அதோடு வாசிப்பு அல்லது கணக்கில் 90 வந்தால் போதும். இல்லையென்றால் மன ஆற்றல், பாட அடைவு, படைப்பாற்றல், ஊக்கம் என்ற நான்கில் மூன்றைத் தொட வேண்டும். ஸ்கோர் இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் தேதி பார்ப்பது இதற்காகத்தான்.

அவசரப்பட்டுத் தனியார் சைக்காலஜிஸ்ட்டிடம் காசு கட்டிவிடாதீர்கள். அந்த ரிப்போர்ட்டைப் பரிந்துரைக்கு ஆதரவாகப் பார்ப்பார்கள், பள்ளி நடத்தும் தேர்வுக்குப் பதிலாக ஏற்கமாட்டார்கள்.

பெற்றோரே பரிந்துரை கொடுக்கலாம். ஆசிரியர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே கிஃப்டெட் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, தேர்வு எந்த மாதம் என்று கேளுங்கள். தேர்வுக்கான சம்மதப் படிவத்தைக் கையெழுத்திட்டு அன்றே நேரில் கொடுங்கள். எங்கள் படிவம் பிள்ளையின் பையில் போய் எங்கோ தொலைந்தது. இலையுதிர்காலத் தேர்வு அதனால்தான் தவறியது.