கொழிஞ்சாம்பாறை வெயில்

ஏப்ரல் 18, 2024

இன்று சூரியன் நேர் உச்சியில். 12.20 சுமாருக்கு வாசலில் உலக்கையை நிறுத்திப் பார்த்தேன், நிழல் அடியிலேயே சுருண்டுவிட்டது. இந்த நேரத்தில் வெயிலில் முகத்தைப் படம் எடுக்க முடியாது. கண்குழி கறுத்து, மூக்குநுனி வெளுத்துப்போகும். அம்மாயியை, அம்மாவைப் பெற்றவளை, திண்ணையில் உட்காரவைத்து, வாசல் சிமெண்டில் பட்டு மேலே தெறிக்கிற வெளிச்சத்தில் எடுத்தேன். தாடையின் ஒவ்வொரு சுருக்கமும் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 20

மதியம் அம்மாயி சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் மோர் மட்டும்.

ஏப்ரல் 22

வேலந்தாவளம் ரோட்டில் நின்று தூரத்துப் பனைகளை 300 எம்எம் லென்ஸில் எடுத்தேன். எல்லாம் நெளிகிறது. தார் ரோட்டை ஒட்டிய காற்று சூடேறி மேலே கிளம்ப, அதன் வழியே வருகிற ஒளி வளைந்து வளைந்து வருகிறது. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் தெளியாது. எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. பக்கத்தில் போக வேண்டும், இல்லையென்றால் விடியற்காலையில் வர வேண்டும். விடியற்காலையில் வந்தால் பனை கிடைக்கும், வெயில் கிடைக்காது.

நெளிகிற படங்களை அழிக்கவில்லை.

ஏப்ரல் 24

ராத்திரி கரண்ட் இல்லை. கூரை ஷீட் விடிய விடியக் கொதித்தது.

ஏப்ரல் 26

ஓட்டு. வேண்டாம் என்றால் அம்மாயி கேட்கவா போகிறாள்? ஆட்டோவில் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மதில் நிழல் ஒரு முழம்கூட இல்லை, அந்த ஒரு முழத்துக்குள் மொத்த வரிசையும் ஒட்டிக்கொண்டு நின்றது. தலையில் துண்டு, முந்தானை, பூத் ஸ்லிப். கேமராவின் கறுப்பு உடம்பு தொட முடியாமல் சுட்டது, வெள்ளைத் துண்டால் மூடிக்கொண்டேதான் எடுத்தேன். 40 டிகிரி வரைதான் என்று மேனுவலில் போட்டிருக்கிறது.

"மை வெச்ச வெரலை எடு கண்ணு."

எடுத்தேன்.

ஏப்ரல் 28

பாலக்காட்டில் 41ஐத் தாண்டிவிட்டது. வெப்ப அலை என்று அறிவிப்பு.

படம் கேட்டவர் போன் செய்தார். வெயில் என்றால் கொஞ்சம் ஆரஞ்சாக இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு மணி வெயிலுக்கு ஏது ஆரஞ்சு? ஒளியின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் கணக்கில் 5500 பக்கம் இருக்கிற வெறும் வெள்ளை அது. மஞ்சள் ஏற்றினால் அந்தி வந்துவிடும், பார்ப்பவருக்கு இதமாக இருக்கும். இந்த ஊரில் யாருக்கும் இதமாக இல்லை. எடிட்டிங்கில் மங்கலை நீக்குகிற டீஹேஸைக் கொஞ்சம் இழுத்தாலே கணவாய்ப் பக்கத்து மலை பளிச்சென்று வருகிறது, வானம் நீலமாகிறது, ஊட்டிக்குப் போய் எடுத்தது போல. பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். தரை வெளுத்தே இருக்கட்டும். சேலையின் நூல் மட்டும் தெரிய வேண்டும், அதற்காகத்தான் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, எடுக்கிறேன்.

ஆரஞ்சு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பணம் வராது. சரி.

ஏப்ரல் 29

அம்மாயிக்கு உடம்பு கொதிக்கிறது. வியர்வையே இல்லை. யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆட்டோ வந்துவிட்டது.

மே 1

டிரிப்ஸ் இறங்குகிறது. இப்போது என்னைத் தெரிகிறது.

லேப்டாப்பில் ஓட்டு வரிசையை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லார் நெற்றியிலும் வியர்வை மினுங்குகிறது. அம்மாயி நெற்றி காய்ந்து கிடக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். வயதானவர்களுக்கு வியர்வை குறைந்துவிடும், தாகமும் சரியாகத் தெரியாது, கேட்காமலே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். மறுபடி மறுபடி அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 2

மழை இல்லை.

மே 3

நாளை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமாம். அந்த ஷீட்டுக்கு அடியில் எப்படிப் படுக்கவைப்பது? மேலே தென்னங்கீற்று போட்டுவிட வேண்டும். 12 மணியிலிருந்து 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசு உத்தரவு, அதனால் காலை ஏழுக்கே ஆள் வந்தாக வேண்டும். இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கீற்றுக்கு எருத்தேம்பதியில் சொல்லிவைக்க வேண்டும்.