தபால்தலை ஏலமும் முடங்கிய கணக்கும்: பணம் வாங்கும் வழியை மாற்றிக்கொண்ட அனுபவம்

என் சேமிப்புக் கணக்கின் மேல் விழுந்த தடை ஒருவழியாக முழுசாக நீங்கிவிட்டது. இனி நிதானமாக எழுதலாம். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் தபால்தலை, நாணயம், பழைய நோட்டு ஏலம் விடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எந்த லாட்டுக்கு (ஒன்றாக ஏலம் விடும் தொகுப்புக்கு) என்ன ஆரம்ப விலை, தபால்தலை வெளியான அன்றே முத்திரை குத்திய முதல் நாள் உறையில் கறை இருந்தால் எவ்வளவு குறைப்பது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். பணத்தை எந்த வழியில் வாங்குவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஏலம் முடிந்ததும் யூபிஐ எண்ணை அனுப்பிவிட்டு அடுத்த லாட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஈபே இந்தியா இருந்தவரை இதைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பைசாபே என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வாங்குபவர் கட்டும் பணம் அவர்களிடம் இருக்கும், பொருளை அனுப்பிய பிறகு நமக்கு வரும். 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்டபின் நடுவில் நிற்க ஆள் இல்லாமல் போனது. யூபிஐயில் கட்டணம் கிடையாது, பணம் நொடியில் வந்துவிடும், கொரோனா காலத்துக்குப் பிறகு அறுபது எழுபது வயது சேகரிப்பாளர்கள்கூடப் பழகிவிட்டார்கள். அதனால் எல்லாரும் அதிலேயே வாங்கினோம். நானும்தான்.

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகள் நான்கும், 10 ரூபாய் தலை உட்பட, ஒரே லாட்டாக வைத்திருந்தேன். எங்களுக்குப் புதியவர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், அவருக்கே முடிந்தது. பணம் வேறொரு பெயரில் வந்தது. "மச்சான் அக்கவுண்ட்ல இருந்து போட்டேன் அண்ணே" என்றார். குடும்பத்தில் யார் போனில் காசு இருக்கிறதோ அவர் போடுவது ஊரில் எங்கும் நடப்பதுதான். ஸ்பீட் போஸ்டில் காப்பீட்டோடு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது, நன்றி சொல்லிச் செய்தியும் வந்தது.

சில வாரம் கழித்து பெட்ரோல் பங்கில் பணம் போகவில்லை. மருந்துக் கடையிலும் அப்படியே. கணக்கில் இருப்பு காட்டுகிறது, ஆனால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை.

கிளைக்குப் போனால், "சைபர் கிரைம் லியன் போட்டிருக்கு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, போலீஸ்ல பாத்துக்கோங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். லியன் என்றால் கணக்கில் உள்ள பணத்தின் மேல் போடும் தடை. எந்த ஊர் போலீஸ் என்று கேட்டேன். "அது எங்களுக்குத் தெரியாது சார்." எங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் பார்த்துவிட்டு, புகார் இங்கே பதிவானது இல்லை, விவரம் வங்கியிடம்தான் இருக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதே கவுண்டர், அதே பதில். வீட்டுக் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் போகும். இருப்பு இருந்தும் தவணை திரும்பிவிட்டது, அதற்கு அபராதக் கட்டணமும் விழுந்தது. என் தவறு எதுவும் இல்லாமல், என் பணத்தை வைத்தே என்னைக் கடன் கட்டாதவனாக ஆக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகு புரிந்தது. வட மாநிலம் ஒன்றில் யாரோ ஒருவர் இணைய மோசடியில் பணத்தை இழந்து, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்திருக்கிறார். அப்படிப் புகார் பதிவானதும், பறிபோன பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கிகள் வரிசையாகத் தேடிக்கொண்டு வரும். அந்த வழியில் வரும் ஒவ்வொரு கணக்கிலும் தடை விழும். அந்த "மச்சான்" கணக்குக்கு வந்த திருட்டுப் பணம்தான் என் தபால்தலைகளுக்கு விலையாக வந்திருக்கிறது. பொருள் போனது, அதற்குப் பணமும் வந்தது, ஆனால் வந்த பணம் இன்னொருவருடையது. ஏலத்தில் சிறிய பொருளுக்குப் பெரிய தொகை கைமாறுவதால் மோசடிக்காரர்களுக்கு நம் மாதிரி ஆட்கள் வசதி. திருடிய காசை, எங்கேயும் மறுபடி விற்கக்கூடிய சரக்காக மாற்றிக்கொள்கிறார்கள்.

இதே நிலையில் யாராவது இருந்தால், நான் கண்டுகொண்ட வழி இது. முதலில் வேண்டியது தேசிய சைபர் கிரைம் தளத்தின் புகார் ஒப்புகை எண். தடை போடச் சொல்லி வங்கிக்கு வந்த தகவலில் அது கட்டாயம் இருக்கும், கூடவே மாநிலமும் சர்ச்சைக்குரிய தொகையும் இருக்கும். கவுண்டரில் கேட்டால் கிடைக்காது. கிளை மேலாளர் பெயருக்குக் கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வாங்கிய பிறகுதான் துணை மேலாளர் என்னை உட்கார வைத்து, கணினியைத் திறந்து அந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். அவ்வளவு நாள் "தெரியாது" என்று சொன்ன விவரம் அவர்கள் திரையிலேயே இருந்தது.

அடுத்தது முக்கியம். சர்ச்சை ஒரு லாட்டின் தொகை பற்றியது. அடைத்து வைத்திருந்ததோ மொத்தக் கணக்கையும். சர்ச்சைக்குரிய தொகைக்கு மட்டும் தடை வைத்துவிட்டு மீதியை விட வேண்டும் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. இதைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் கொடுத்தேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் சேர்த்தேன். 2021-ல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் அந்தப் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். வங்கிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கெடு முடியும் முன்பே தடை அந்த ஒரு தொகைக்கு மட்டும் என்று மாறியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

தடையில் நின்ற அந்தத் தொகைக்கு, புகார் பதிவான மாநிலத்தின் போலீஸிடமிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்குமான பொறுப்பு அதிகாரி, குறைதீர் அதிகாரி விவரம் தேசிய சைபர் கிரைம் தளத்திலேயே இருக்கிறது. ஏல அறிவிப்பு, கடைசிக் கேட்பு, வென்றவரோடு நடந்த உரையாடல், ரசீது, ஸ்பீட் போஸ்ட் சீட்டு, பட்டுவாடா விவரம், ஆதார், பான் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இந்தி தெரிந்த நண்பர் ஒருவர் எனக்காகத் தொலைபேசியில் பேசினார். விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி, பொருள் உண்மையில் போனதா என்பதுதான். பட்டுவாடா விவரம் இல்லாமல் இருந்திருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் தெரிந்திருப்பேன். அதனால் உரையாடல்களை அழிக்காதீர்கள், அஞ்சல் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சீட்டின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, கணக்கைத் திறந்து தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் அழைப்புகளை உடனே துண்டியுங்கள். அதுவும் மோசடிதான்.

இதற்குப் பிறகுதான் எந்த வழியில் பணம் வாங்குவது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

பேமென்ட் கேட்வே, அதாவது கார்டு, யூபிஐ எல்லாவற்றிலும் நமக்காகப் பணம் வாங்கித் தரும் இணையச் சேவை, பார்க்கலாம் என்று தோன்றியது. சுமார் 2 சதவீதக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சின்ன லாட்டுகளில் அதுகூடப் பெரிதில்லை. ஆனால் இணையதளம் வேண்டும், அதில் பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி என்று தனித்தனிப் பக்கம் வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஏலம் விடுபவரிடம் அதெல்லாம் ஏது? இன்னொரு பயமும் இருந்தது. கிரெடிட் கார்டில் கட்டியவர் பிறகு தன் வங்கியிடம் தகராறு எழுப்பினால் பணம் நம்மிடமிருந்து திரும்பிப் போகும். தபால்தலையில் இது ரொம்ப ஆபத்து. நல்ல தலையை வைத்துக்கொண்டு, பின்பசை போன தலையைக் காட்டி "இதுதான் வந்தது" என்று சொன்னால் யார் நிரூபிப்பது? கேட்வேயை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் ஏலத்துக்கென்று தனியாகக் கரன்ட் அக்கவுண்ட் திறந்தேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முதலில் செய்ய வேண்டியது. வேறு வங்கி. அங்கேயும் மாநகராட்சி வர்த்தக உரிமம் இல்லாமல் முடியாது என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். கடையே இல்லாதவன் உரிமத்துக்கு எங்கே போவது? தனிநபர் தொழிலுக்கு ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணப் பட்டியலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இருக்கிறது, தொழில் வருமானம் காட்டிய வருமான வரிக் கணக்கும் இருக்கிறது. பட்டியலில் ஏதேனும் இரண்டு போதும். வருமான வரிக் கணக்கின் ஒப்புகைச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள், முழுப் படிவத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்ததும் கணக்கு திறந்தது.

இந்தக் கணக்கில் வந்த பணத்தை உடனே வீட்டுக் கணக்குக்கு மாற்றுவதில்லை. பணம் போன வழியிலேயே தடையும் போகும் என்பதால் சில வாரம் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அட்டை, உறை, அஞ்சல் செலவு எல்லாம் அதிலிருந்தே.

பழகியவர்களிடம் யூபிஐ தொடர்கிறது, வணிகக் கியூஆர் வழியாக. ஸ்கிரீன்ஷாட்டை நம்புவதில்லை. அச்சு அசலாகப் போலி ஸ்கிரீன்ஷாட் தரும் செயலிகள் சுற்றுகின்றன, குறுஞ்செய்தியைக்கூடப் போலியாக அனுப்புகிறார்கள். கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் உறையை ஒட்டுவேன். "தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள். வந்த கணக்குக்கே, வங்கி வழியாக மட்டும் திருப்புங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

புதியவர் என்றால் நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றம், அதுவும் ஏலம் கேட்டவரின் சொந்தக் கணக்கிலிருந்து மட்டும். அனுப்பியவர் பெயர் அறிக்கையில் விழும், பார்சல் முகவரியில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் இரவு பகல் எல்லா நாளும் ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏலம் முடிந்தாலும் தாமதமில்லை. மோசடிக்காரர் இந்த வழியிலும் வரலாம்தான். ஆனால் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்றதும் சந்தேகத்துக்குரிய ஆட்கள் தாமாகவே விலகிவிடுகிறார்கள்.

காசோலை பெரியவர்களுக்காக வைத்திருக்கிறேன். கணக்கில் ஏறிய பிறகே பொருள். திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு 15 நாள் கெடு, அப்புறம் வழக்கு. ஒரு லாட்டுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டோம். தபால்காரரிடம் பணம் கட்டிப் பொருளை வாங்கிக்கொள்ளும் விபிபியில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். ஆசையில் கேட்டுவிட்டு, தபால்காரர் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். தபால்தலை அச்சிட்ட சிறு தாள் (மினியேச்சர் ஷீட்) ஒன்று மூலை மடங்கித் திரும்பி வந்தது. அந்த மடிப்பு அதன் விலையைப் பாதியாக்கிவிட்டது.

சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்குப் பேபால். 2021 ஏப்ரலிலிருந்து அது இந்தியாவுக்குள் பணம் அனுப்ப உதவாது, வெளிநாட்டிலிருந்து வாங்க மட்டும்தான். வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம் என்பதால் தெரிந்தவர்களிடம் மட்டும் வைத்துக்கொள்கிறேன். நூறு வருடம் தாண்டிய நாணயத்தை வெளிநாட்டுக்காரர் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

இந்த விதிகளை ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் முதல் செய்தியாகப் போடுகிறேன். ஏலம் முடிந்தபின் சொன்னால் சண்டை வரும். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், சில லாட்டுகள் முன்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் போயின. அது பரவாயில்லை.

தவணை திரும்பியதற்குப் போட்ட அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி பழைய வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. 30 நாள் முடிந்ததும் குறைதீர்ப்பாளர் தளத்தில் பதியப் போகிறேன்.